காற்கூறும் அரைக்கூறும்: முதல் மடிக்கணினியும் இணையத் தமிழ்க் குழாங்களும்

பவணந்தி முனிவர் நன்னூற் பொதுப்பாயிரத்துள் பாடங்கேட்டலின் வரலாறு உணர்த்துமிடத்து, கல்வியை நான்கு கூறாகப் பகுத்து ஒரு கணக்குத் தந்துள்ளார். ஆசிரியன் உரைத்ததனை மாணாக்கன் முற்றக் கொண்டானாயினும் அவனுக்குக் கைவருவது காற்கூறே. ஒருங்கு பயில்வாரோடு பழகுதலால் மற்றொரு காற்கூறு வரும். பிறர்க்கு விரித்துரைத்தலால் எஞ்சிய அரைக்கூறும் நிரம்பும் என்பது அவர் கருத்து. 13ஆம் நூற்றாண்டில் வகுக்கப்பட்ட இக்கணக்கினை, கணினியறியாத ஒருவர் முதன்முதலாக ஒரு மடிக்கணினி பெற்று, அதன்வழி இணையத் தமிழ்க் குழாங்களுட் புகுந்து நூற்பதிப்பிற் பயிலும் இக்கால நிகழ்ச்சியோடு பொருத்திக் காண்டல் தகும் என்பது எம் துணிபு. அக்குழாங்கள் ஆக்கித் தந்த மின்பதிப்புகளின் நிறைகுறைகளையும் ஈண்டு உடன் ஆராய்வாம்.

தன்வரலாறு கூறுதல் ஆராய்ச்சிக் கட்டுரைக்கு ஏலாது என்பார் உளர். எனினும் யாம் கண்டதனைக் கூறாது பிறர் கண்டதனையே கூறின் இப்பொருள் விளங்காது. முனைவர்ப் பட்ட ஆய்வேட்டைச் செப்பஞ்செய்தற்பொருட்டு 2008ஆம் ஆண்டில் யாம் முதன்முதலாக ஒரு மடிக்கணினி வாங்கினோம். அதுகாறும் எம் கையெழுத்துப்படி தட்டச்சுக்கடை ஒன்றிலேயே அச்சேறி வந்தது. கடையினின்று கொணர்ந்த கோப்பினை எம் கணினியில் திறந்தபோது, மூன்றாண்டு உழைப்பு முழுவதும் ஆங்கில எழுத்துகளின் பொருளற்ற கோவையாய்த் தோன்றிற்று. ஆய்வேடே அழிந்தொழிந்தது என்று அன்றிரவு யாம் நடுங்கியது உண்மை.

அழிந்தது ஒன்றுமில்லை, காரணம் வேறு. அக்காலத்து எழுத்துருக்கள் பல, ஆங்கில எழுத்துகளுக்கு உரிய இடங்களில் தமிழ் வரிவடிவங்களை இருத்தி ஆக்கப்பட்டவை. எவ்வெழுத்தை எவ்விடத்தில் இருத்துவது என்பதில் ஆக்கினார்க்கு ஆக்கினார் வேறுபாடு இருந்தது. ஆகவே, ஓர் எழுத்துருவில் அடித்தது அவ்வெழுத்துரு இல்லாத கணினியில் தமிழாய்த் தோன்றாது. 1999ஆம் ஆண்டில் சென்னையிற் கூடிய தமிழ் இணைய மாநாடு இக்குழப்பத்தை ஒழுங்குசெய்ய முயன்றது. தமிழ் 99 என்னும் விசைப்பலகை அதன் பயன். ஒருங்குறியில் 1991இலேயே தமிழுக்கு இடம் வகுக்கப்பட்டிருந்தும், தமிழ்நாட்டரசு அதனைத் தரமாக ஏற்றது 2010இல்தான். யாம் மடிக்கணினி வாங்கியது இவ்விரு கரைக்கும் இடைப்பட்ட காலம்.

வேறு வழியறியாது மடலாடற்குழு ஒன்றில் எம் இடரை எழுதினோம். மறுநாட் காலையில் விடை வந்திருந்தது. விடுத்தவர் அயல்நாட்டிற் பணிபுரியும் பொறியாளர், எம்மினும் இளையர். எம்மை 'ஐயா' என விளித்து, ஓரெழுத்துருவை மற்றொன்றாக மாற்றும் கருவியைக் காட்டி, இறுதியில் ஒரு வினாவையும் வைத்திருந்தார்: சீர் பிரித்து எழுதுங்கால் குற்றியலுகரம் கெட்டுப் புணர்ந்த சொல்லை எவ்விடத்துப் பிரிப்பது என்பது அது. யாம் விடை எழுதினோம். அதன்மேல் இருவர் ஐயம் எழுப்பினர், ஒருவர் மறுத்தார். வகுப்பறையில் பல்லாண்டு கற்பித்த அவ்விதியை அன்றுதான் யாம் முற்றக் கற்றோம் என்று கூறின் அது மிகையாகாது. பவணந்தியார் விரித்துரைத்தற்கு அரைக்கூறு வைத்ததன் நுட்பம் எமக்கு அவ்வாறே விளங்கிற்று.

இக்குழாங்களின் முதலெழுச்சி தமிழ்த்துறைகளில் தோன்றவில்லை என்பது கருதத்தக்கது. 1998ஆம் ஆண்டுப் பொங்கலன்று தொடங்கிய மதுரைத் திட்டத்தின் ஒருங்கிணைப்பாளரான கல்யாணசுந்தரம் சுவிட்சர்லாந்தில் வேதியியல் ஆராய்ச்சியில் ஈடுபட்டிருந்தவர். பல நாடுகளிற் பரந்திருந்த தன்னார்வலர் தத்தம் வீட்டிலிருந்தே பண்டை நூல்களைத் தட்டச்சிட, வேறு சிலர் மெய்ப்புத் திருத்தினர். ஈழத்தில் 2005இல் தோன்றிய நூலகம் என்னும் முயற்சி, 1981இல் யாழ்ப்பாண நூலகம் எரியுண்ட இழப்பினை நினைந்தோர் நடுவில் வளர்ந்தது. 2003இல் தொடங்கிய தமிழ் விக்கிப்பீடியாவும், அதன் உடன்பிறப்பாகிய விக்கிமூலமும் பின்வந்தவை. 2011ஆம் ஆண்டில் தமிழ்நாட்டரசு மாணவர்க்கு விலையில்லா மடிக்கணினி வழங்கத் தொடங்கியபின், வீட்டில் நூலென ஒன்றும் இல்லாத குடியிற் பிறந்த மாணவரும் இவ்வவைகளுட் புகுந்தனர். அவருட் சிலர் எம் வகுப்பிலேயே இருந்தனர். திரைப்படம் காண்டற்கே அக்கருவி பயன்படுகின்றது என்று ஆசிரியர் ஓய்வறையில் எழுந்த பேச்சில் யாமும் கலந்துகொண்டோம், அது தவறு.

இனி மின்பதிப்புகளின் நிறையை நோக்குவாம். உ. வே. சாமிநாதையர் 1887இல் சீவகசிந்தாமணியையும் 1894இல் புறநானூற்றையும் வெளியிட்டகாலை, ஏடு உதவினார், ஒப்புநோக்கினார் முதலியோர் பெயர்களை முகவுரையில் நன்றியோடு குறித்தார். அம்முகவுரைகளைப் பயில்வார்க்குப் பதிப்பு என்பது தனியொருவர் தொழிலன்று, ஒரு குழாத்தின் தொழில் என்பது புலனாகும். மதுரைத் திட்டத்தின் மின்னூல்களது தலைப்பிலும் தட்டச்சிட்டார் பெயரும் மெய்ப்புத் திருத்தினார் பெயரும் நிற்கின்றன. யாம் அறிந்தவரை, அச்சுப் பதிப்பாளர் பலர் கைவிட்டுவிட்ட நன்மரபு இது. கடைகளில் விற்கும் சங்க இலக்கிய நூல்களுள் எத்தனையில் மெய்ப்புத் திருத்தியவர் பெயர் உளது என்று நண்பர்கள் எண்ணிப் பார்க்கலாம்.

குறையும் உண்டு. முற்பட்ட மின்பதிப்புகள் பலவற்றில் மூலமாகக் கொண்ட அச்சுப் பதிப்பு எது என்பது குறிக்கப்படவில்லை. பாடவேறுபாடுகள் அடிக்குறிப்போடு விடுபட்டன. சொற்பிரிப்பிலும் ஒருமையில்லை. 1950களில் மர்ரே எஸ். இராஜம் சந்தி பிரித்து மலிவாக வெளியிட்ட பதிப்பினைத் தழுவிய படியும், சீர்நிலை பிறழாது அமைந்த படியும் ஒரே நூலுக்கு அருகருகே கிடைக்கின்றன. படிப்பவர் வேறுபாட்டை உணர்வர், தேடுபொறி உணராது.

இவ்விடத்தில் எம்மை நாணச்செய்த நிகழ்ச்சி ஒன்றைக் கூறியே ஆகவேண்டும். எம்மிடம் ஆய்வு செய்த மாணவர் ஒருவர், அலர் என்னும் பொருண்மையைச் சுட்டும் சொற்களைத் தொகுத்து ஓர் இயல் எழுதினார். அரசு வழங்கிய மடிக்கணினியே அவர்தம் முதற்கணினி. திருக்குறளின் 115ஆம் அதிகாரத்தில் 'கௌவை' என்னும் சொல் ஓரிடத்தும் இல்லை என்றும், 'கவ்வை' என்னும் வடிவமே உளது என்றும், ஆகவே வள்ளுவர் ஔகாரத்தை விலக்கி அதன் போலியையே விரும்பி ஆண்டார் என்றும் அவர் முடிவு செய்திருந்தார். அட்டவணை செவ்விதாக இருந்தது. யாம் அவ்வியலைப் படித்து ஒப்பமிட்டோம்.

மாணவர் தம் முடிபினைத் தாம் பழகிய இணையக் குழாத்தில் எடுத்துரைத்தார். வங்கிப்பணியினின்று ஓய்வுபெற்ற முதியவர் ஒருவர், 1143ஆம் குறளையும் 1147ஆம் குறளையும் நினைவிலிருந்தே சுட்டி, 'தம்பி, கணினியை விடுத்துக் குறளை ஒருமுறை ஓதிப்பார்' என்று எழுதினார். இரண்டிலும் கௌவை உளது, 1144இலேயே கவ்வை. அக்குறட்பாக்கள் எமக்கும் மனப்பாடமே. அட்டவணையைக் கண்ட கண் நாவைக் கேட்கவில்லை.

பிழையின் வேரைப் பின்னர் ஆராய்ந்தோம். மாணவர் தேடியது இணையத்தில் பெயரின்றி உலவும் ஒரு படி. அதனைத் தட்டச்சிட்டவர், 'கௌ' என்னும் ஓரெழுத்தினைக் 'கெ' எனவும் 'ள' எனவும் இரண்டெழுத்தாக அழுத்தியிருந்தார். ஔகார உயிர்மெய்யின் வலப்பக்கக் குறி ளகரத்தைப் போன்றே எழுதப்படுதலின் கண்ணுக்கு இரண்டும் ஒன்றே. கணினிக்கோ அவை வெவ்வேறு எண்கள். 'ஔவை' என்பதனை 'ஒ', 'ள', 'வை' என அடிப்பதும் இவ்வினமே. ஒகர உயிர்மெய்யிலும் இரட்டைநிலை உண்டு: கொம்பும் காலும் தனித்தனியே உள்ளிடப்படலாம், ஒரே குறியாகவும் உள்ளிடப்படலாம். எனினும் இவை இரண்டும் ஒன்றே என ஒருங்குறி விதி வகுத்துள்ளமையின், அவ்விதியைப் பின்பற்றும் கருவி பிழைபடாது. ளகரத்திற்கு அத்தகைய விதியில்லை, இருத்தலும் கூடாது. ளகரம் ஓர் எழுத்து. ஔகாரக் குறி அதன் பகுதியன்று. ஆகவே இப்பிழையை மெய்ப்புத் திருத்துவோரே களைதல் வேண்டும்.

ஈண்டு நோக்கத்தக்கது யாதெனின், கருவி பிழைப்பித்தது, குழாம் திருத்திற்று, ஆசிரியராகிய யாம் இரண்டிலும் பங்குகொள்ளவில்லை. நன்னூலார் கணக்கில் பயில்வகையால் வரும் காற்கூறும் விரித்துரைத்தலால் வரும் அரைக்கூறும் அம்மாணவருக்கு அவ்வவையிற் கிடைத்தன. யாம் தந்திருக்க வேண்டிய காற்கூறே குறைந்தது.

இக்குழாங்களில் வீண்சொற்போர் மிகுதி, புனைபெயரில் எழுதுவாரை எங்ஙனம் நம்புவது என்பார் கூற்றினையும் எண்ணினோம். சொற்போர் மிகுதியே, அதில் யாமும் சில இரவுகளை இழந்தோம். ஆனால் புனைபெயர் தடையாகாது. தம் பாடலின் தொடரால் மட்டுமே அறியப்படும் செம்புலப் பெயனீராரை நாம் விலக்கிவிடவில்லை. கூற்றினை நூல்கொண்டு ஆராயலாம்; கூறினார் குடிப்பிறப்பு ஈண்டு வேண்டற்பாலதன்று. தமிழ்த்துறையார் நுழையாது நிற்பதற்கு இக்காரணங்கள் போதா என்பது எம் கருத்து. உண்மையில் நாம் நுழையாமலும் இல்லை. எம் பார்வைக்கு வரும் ஆய்வேடுகளிற் பல, மேற்கோளை மின்பதிப்பிலிருந்து எடுத்துக்கொண்டு, துணைநூற்பட்டியலில் மட்டும் அச்சுப் பதிப்பின் பெயரை எழுதுகின்றன. மின்பதிப்பிலுள்ள பிழை அப்படியே மேற்கோளில் நிற்பதால் இது வெளிப்பட்டுவிடுகின்றது. தன்னார்வலர் உழைப்பினைக் கொண்டு, அவர் பெயரை மறைத்து, பிழையையும் திருத்தாது விடுதல் நேர்மையன்று. வாய்மொழித் தேர்வில் இதனை வினவத் தொடங்கியபின் எமக்கு நண்பர் சிலர் குறைந்தனர்.

துறையார் செய்யக்கூடியது யாது என்பதற்கு விக்கிமூலம் ஓர் எடுத்துக்காட்டு. தமிழ் இணையக் கல்விக்கழகத்தின் துணையோடு நாட்டுடைமை நூல்கள் 2,000க்கு மேற்பட்டன அங்கே படிமங்களாக ஏற்றப்பட்டுள்ளன. படிமத்தினின்று எழுத்தைப் பிரித்தெடுப்பது எழுத்துணரி என்னும் மென்பொருள். பல நூல்கள் 1978ஆம் ஆண்டு எழுத்துச் சீர்திருத்தத்திற்கு முற்பட்ட அச்சாதலின், யானைத் துதிக்கை போன்ற கொக்கியுடைய ணை, லை, ளை, னை என்பவற்றிலும், பழைய ணா, றா, னா வடிவங்களிலும் எழுத்துணரி இடறுகின்றது. தமிழ் எண்ணாகிய ஒன்றைக் ககரமாகவும், ஏழினை எகரமாகவும் கொள்வதும் உண்டு. முதல் மடிக்கணினியோடு வரும் இளைஞர்க்கு விசைகள் விரைவிற் பழகிவிடும். பழைய வரிவடிவம் பழகியிராது. எமக்கு வடிவம் தெரியும். விசை இன்றும் தடுமாற்றமே. ஆகவே ஒருவர்க்கொருவர் ஆசிரியராதல் அங்கே இயல்பாக நிகழ்கின்றது.

அதன் முறையும் செவ்விது. பக்கத்தின் படிமம் ஒருபுறம், எழுத்து மறுபுறம். திருத்தப்படாத பக்கத்திற்குச் சிவப்பு, ஒருவர் மெய்ப்புத் திருத்தியதற்கு மஞ்சள், மற்றொருவர் சரிபார்த்ததற்குப் பச்சை என நிறம் வைத்துள்ளனர். மஞ்சளாக்கியவரே அதனைப் பச்சையாக்க இயலாது. தொல்காப்பியம் அதங்கோட்டாசான் முன் அரங்கேறிய செய்தியைப் பாயிரத்தாற் கற்பிக்கும் நாம், அவ்வொழுங்கு ஒரு மென்பொருளின் விதியாக அமைந்திருத்தலைக் கண்டு வியப்பதில் தவறில்லை.

மேற்கூறிய மாணவர் சென்ற திங்களில் ஒரு பக்கத்தை மெய்ப்புத் திருத்தி எம்மைச் சரிபார்க்கக் கேட்டார். அச்சில் ஒரு சொல்லில் றகரம் நிற்க வேண்டிய இடத்து ரகரம் நின்றது. அவர் அதனை உள்ளவாறே விடுத்து, பக்கத்தின் உரையாடற் பகுதியில் ஐயத்தைக் குறித்திருந்தார். முன்னைய எம் வழக்கப்படியாயின் யாம் உடனே திருத்தியிருப்போம். அச்சுப்பிழையோ, பதிப்பாசிரியர் கொண்ட பாடமோ என்பது அந்நூலின் முதற்பதிப்பைக் கண்டாலன்றித் துணிதற்கியலாது. எம் துறை நூலகத்தில் அம்முதற்பதிப்பின் அட்டை உளது; அப்பக்கம் செல்லரித்துவிட்டது. வேறு படி உடையார் உளரோ என்று இருவரும் அக்குழாத்திற் கேட்டு எழுதியுள்ளோம். பக்கம் இன்னும் மஞ்சளாகவே உள்ளது.