பெ. சுந்தரம் பிள்ளையின் பயணங்களும் தொடர்புகளும்: நிலப்பட ஆய்வில் எழும் சில சிக்கல்கள்

திருவனந்தபுரத்திலிருந்து நெடுமங்காடு வழியே பொன்முடிக்கு ஏறும் சாலையில், நகரின் விளிம்பிலேயே பேரூர்க்கடை எதிர்ப்படுகின்றது. மனோன்மணீய ஆசிரியர் பெ. சுந்தரம் பிள்ளை (1855–1897) வாழ்ந்த ஹார்வீபுரம் இப்பகுதியில் அமைந்ததாகும். தம் பேராசிரியர் ஹார்வியின் பெயரை வாழிடத்திற்கு இட்ட பிள்ளையவர்கள், 1891இல் வெளிவந்த நாடகத்தையும் அவருக்கே உரிமையாக்கினார். ஆசிரிய மாணவ உறவொன்று இடப்பெயராகவே நிலைபெற்றமைக்கு இஃதோர் அரிய சான்று.

வரலாற்று மாந்தரின் பயணங்களையும் தொடர்புகளையும் நிலப்படத்தில் கோடுகளாக வரையும் ஆய்வுமுறை இன்று பரவலாகியுள்ளது. வால்தேர் முதலியோரின் கடிதங்களைக் கொண்டு ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தார் வரைந்த படங்கள் இதற்குத் தக்க எடுத்துக்காட்டு. அங்குக் கடிதமே கோடாகின்றது. கடிதம் எஞ்சாத உறவு படத்தில் இடம்பெறுவதில்லை. இம்முறையைத் தமிழறிஞர்பால் அவ்வாறே பொருத்துவது தகுமா என்பது வினா.

ஆலப்புழை, திருநெல்வேலி, கோடகநல்லூர், திருவனந்தபுரம் எனப் பிள்ளையின் வாழ்க்கைப் புள்ளிகள் சிலவே. இலக்கிய வரலாறுகள் பிறந்த ஊரையும் பணியாற்றிய நகரையும் சுட்டி அமைகின்றன. திருநெல்வேலி வாழ்வு பள்ளிப்பணியாக மட்டும் குறிக்கப்பெறுகின்றது. கோடகநல்லூர்ச் சுந்தர சுவாமிகளை அவர் குருவாகக் கொண்டமை அத்திசையில் விளைந்த உறவே என்பது பலராலும் கருதப்படவில்லை. மேலும், வேணாட்டு அரசர் பற்றிய அவர்தம் ஆய்வு (1894) தென் திருவாங்கூர்க் கல்வெட்டுகளைத் திரட்டியதால் விளைந்தது. அவ்வகைப் பயணத்தின் மறுமுனையில் நிற்பது மனிதரன்று, கல். ஆள்களை மட்டுமே எண்ணும் படம் அவருடைய பயன்மிக்க பயணங்களைத் தவறவிடும்.

கோட்டின் தடிப்பும் ஆராயத்தக்கது. 1892 டிசம்பரில் திருவனந்தபுரம் வந்த விவேகானந்தரைப் பிள்ளை சந்தித்தார். தம்மை இந்து அமைப்பிற்குப் புறத்தே நிற்கும் திராவிடராக அவர் கூறிக்கொண்டார் என்பதைச் சுவாமிகளுக்கு விருந்தளித்த சுந்தரராம ஐயரின் நினைவுக்குறிப்பு தெரிவிக்கின்றது. அக்குறிப்பு ஆண்டுகள் பல கழிந்து எழுதப்பட்டது. ஒருசார் சாட்சியமும் ஆகும். எனினும் இச்சந்திப்பு நூல்தோறும் எடுத்தாளப்படுகின்றது.

தைக்காடு அய்யாவு சுவாமிகளின் (1814–1909) நிலை வேறு. ரெசிடென்சியில் அலுவல் பார்த்த இத்தமிழர்பால் சட்டம்பி சுவாமிகளும் நாராயண குருவும் பயின்றனர். பிள்ளையும் அவ்வட்டத்தினரே எனச் சீடர் மரபு கூறுகின்றது. தமிழிலும் பதிகம் பாடிய நாராயண குருவையும் மனோன்மணீய ஆசிரியரையும் ஒரே வட்டத்தில் வைத்து நோக்க இடம்தரும் செய்தி இது. ஆயின் தமிழ் இலக்கிய வரலாறுகளில் இதற்கு உரிய இடமில்லை. இரண்டும் பிற்கால நினைவுகளே. ஒன்று தடித்த கோடாகவும் மற்றொன்று கோடே இன்றியும் போவதற்குச் சான்றின் வலிமை காரணமன்று. பின்னது பெரிதும் மலையாள நூல்களில் வழங்குவதே காரணம் எனல் வேண்டும்.

ஆதலின் ஒவ்வொரு கோட்டுடனும் அதனைப் பதிந்தவர் யார், எப்போது, எம்மொழியில் என்பன குறிக்கப்பெறுதல் வேண்டும். படத்தின் அளவும் கருதத்தக்கது. தென்னிந்தியா முழுமையும் அடங்கும் படத்தில் ஹார்வீபுரமும் தைக்காடும் ஒரே புள்ளியாய் ஒடுங்கிவிடும். பிள்ளையின் சிந்தனையை உருவாக்கிய உறவுகளுள் பல அப்புள்ளிக்குள்ளேயே நிகழ்ந்தவை.