பன்றி மயிர்ப் பிரஷ்

பேலியகொடைப் பக்கத்துச் சலூன்களில் அமுக்கினால் நுரை கக்கும் டப்பாக்கள் வந்துவிட்டன. வீட்டில் சவரம் செய்பவருக்கு நான் இன்னமும் பன்றி மயிர்ப் பிரஷைத்தான் சொல்வேன். விலை மலிவு. மயிர் முரடு என்பதால் தாடியைத் தூக்கி நிறுத்தும், கட்டிச் சவர்க்காரத்தையும் நன்றாக வழித்தெடுக்கும்.

புதிதில் குத்தும், கொஞ்சம் நாறவும் செய்யும். பொறுக்கத்தான் வேண்டும். ஒவ்வொரு முறையும் இளஞ்சூட்டு நீரில் இரண்டு மூன்று நிமிடம் ஊறவிட்டுப் பாவித்துவாருங்கள். நாள்பட ஒவ்வொரு மயிரின் நுனியும் இரண்டு மூன்றாகப் பிளக்கும். அடி விறைப்பாகவே இருக்க, நுனி மட்டும் பஞ்சாகிவிடும். கன்னத்தில் அது சுழலும் சுகம் எந்த டப்பாவிலும் கிடையாது.

பேட்ஜர் என்னும் விலங்கின் மயிர் தண்ணீரை நன்றாகப் பிடித்துவைக்கும். அதை ஊறவைக்கவும் பெரிதாகத் தேவையில்லை, ஆனால் விலை பல மடங்கு. பன்றி ஆகாது என்னும் முஸ்லிம் நண்பர்களுக்குக் குதிரை மயிர் இருக்கிறது. அதற்கொரு துயரக் கதையும் உண்டு: முதல் உலகப் போர்க் காலத்தில், கிருமி நீக்காத குதிரை மயிரில் செய்த மலிவுப் பிரஷ்களால் சிப்பாய்களுக்கு அந்திராக்ஸ் தொற்றி, உயிர்களும் போயின.

களனி ஆற்றோரக் காற்றில் ஈரம் அதிகம். பிரஷை மூடிய அலுமாரிக்குள் வைத்தால் பூஞ்சணம் பிடிக்கும். மயிர் முடிச்சின் அடியில் தேங்கிய சவர்க்காரம் போக அலசி, நன்றாக உதறி, துவாயில் ஒற்றி, ஜன்னலோரம் வையுங்கள். நிமிர்த்தி வைத்தாலும் தொங்கவிட்டாலும் ஒன்றுதான்.