கண்ணாடியும் மழையும்

சுவர் குறைந்த வீட்டைக் கண்டதும் 'இயற்கையோடு ஒன்றியது' என்று எழுதிவிடுவது கட்டிட விமர்சனத்தில் ஒரு வாய்ப்பாடாகிவிட்டது. இந்த வாய்ப்பாட்டை நான் சந்தேகிக்கிறேன். சுவரை நீக்கினால் மரம் தெரியும், அவ்வளவுதான். தெரிவது வேறு, உறவு வேறு. எதை நீக்கினார்கள், நீக்கிய இடத்தில் என்ன வந்து உட்கார்ந்தது என்று கேட்காமல் எளிமையை ஒரு மதிப்பாக ஏற்க முடியாது.

மீஸ் வான் டெர் ரோ, எடித் ஃபார்ன்ஸ்வர்த் என்ற டாக்டருக்காகக் கட்டிய வீடு 1951இல் முடிந்தது. சிகாகோவுக்குத் தென்மேற்கே, ஃபாக்ஸ் நதிக்கரையில் இருக்கிறது. வெள்ளை பூசிய எட்டு எஃகுத் தூண்கள், தரைக்கு மேல் ஐந்தடி உயரத்தில் ஒரு தளம், ஒரு கூரை, சுற்றிலும் கண்ணாடி. புகைப்படத்தில் அப்பழுக்கற்ற வடிவம். உள்ளிருப்பவருக்கு இயற்கை நான்கு பக்கமும் மாட்டிய சித்திரம். ஆனால் திறக்கக்கூடியவை கதவும், கிழக்குக் கோடியில் இரண்டு சிறு ஜன்னல்களும்தான். கோடையில் புழுக்கம், இரவில் விளக்கைத் தேடிப் பூச்சிகள். முன்தளத்துக்குப் பிறகு வலை அடிக்க வேண்டியிருந்தது. 1954இலும் 1996இலும் வெள்ளம் தளத்தைத் தாண்டி உள்ளே ஏறியது. வெள்ளத்தை மீஸின் குற்றமாக நான் சொல்லவில்லை. ஆற்றை மனதில் வைத்துத்தான் தளத்தை உயர்த்தினார். ஆனால் அது ஆற்றிலிருந்து விலகி நிற்பதற்கான ஏற்பாடு. பார்வையைத் தவிர வேறெந்தப் புலனையும் இந்த வடிவம் கணக்கில் எடுத்துக்கொள்ளவில்லை.

ஒஸாகாவில் டடாவோ ஆண்டோ 1976இல் கட்டிய சுமியோஷி வரிசை வீடு இதற்கு நேரெதிர். தெருப்பக்கம் ஒரு ஜன்னல்கூட இல்லாத கான்கிரீட் பெட்டி. அகலம் நான்கு மீட்டருக்கும் குறைவு. மரமோ நதியோ தெரியாது. நீளத்தை மூன்றாகப் பகுத்து நடுப்பகுதியை வானத்துக்கு விட்டுவிட்டார் ஆண்டோ. மாடிப் படுக்கையறையிலிருந்து கழிப்பறைக்குப் போக இந்தத் திறந்த வெளியைக் கடந்தாக வேண்டும். மழையென்றால் குடை.

நம் வீட்டு முற்றத்தை இங்கே நினைத்துக்கொண்டால் விஷயம் தவறிவிடும். முற்றத்தைச் சுற்றித் தாழ்வாரம் உண்டு. மழையைப் பார்த்துக்கொண்டே நனையாமல் சமையலறைக்குப் போகலாம். ஆண்டோ நீக்கியது அந்தத் தாழ்வாரத்தை. அங்கே இயற்கை என்பது குளிர், ஈரம், வழுக்கும் படி. கண்ணுக்கு முன்னால் உடம்பு அதை அறிகிறது.

வயோதிகருக்கும் நோயாளிக்கும் இது கொடுமையல்லவா என்று கேட்கலாம். கொடுமைதான். இரு வீடுகளையும் வரைபடத்திலும் படத்திலும் மட்டுமே அறிந்த நான் அதை மறுக்கப்போவதில்லை. ஆனால் ஆண்டோவின் வரைபடத்தைப் படிக்கத் தெரிந்த எவரும் அந்தச் சிரமத்தை அதிலேயே படித்துவிடலாம். கட்டிடத்தின் கருத்தே அதில்தான் இருக்கிறது. மீஸின் வீட்டில் சிரமம் படத்துக்கு வெளியே நிற்கிறது. குடியிருந்தவர் சொன்ன பிறகே தெரிகிறது. இரண்டுமே வாழ்பவரிடம் விலை கேட்கின்றன. முதலாவது விலையை மறைக்கிறது என்பதால் அதன் எளிமையை நான் அலங்காரம் என்றே சொல்வேன்.

வரிகளைக் குறைத்தாலே கவிதை இறுகிவிடும் என்று நம்புகிற நம் நண்பர்களும் இந்த இரு வரைபடங்களையும் அருகருகே வைத்துப் பார்க்கலாம்.