பார்த்த இடங்களும் பாராத பருவங்களும்

போர் முடிந்த 2009இல் ஏ9 வீதி மீண்டும் திறந்தது. 2014 ஒக்டோபரில் யாழ்தேவி ரயில் மறுபடியும் யாழ்ப்பாணம் வந்து சேர்ந்தது. 2019இல் பலாலி சர்வதேச விமான நிலையமானது. 2023இல் நாகபட்டினத்திலிருந்து காங்கேசன்துறைக்குக் கப்பலும் வந்தது. வழிகள் இப்படித் திறந்த பிறகு, குடாநாட்டைச் சுற்றிப் பார்ப்பதற்கு ஒரு வழக்கமான முறை உருவாகிவிட்டது. வாடகை வான், இரண்டு மூன்று நாள், கையில் ஓர் இடப்பட்டியல்: கோட்டை, பொது நூலகம், நல்லூர், நிலாவரைக் கிணறு, கந்தரோடை, கீரிமலை, குறிகட்டுவானில் படகேறி நயினாதீவு. நடுவில் ஒரு நண்டுக்கறிச் சாப்பாடு, மாலையில் ஐஸ்கிரீம், திரும்பும்போது பனம்பொருள் கடையில் சில நிமிடம். மரபு, உணவு, கைவினை மூன்றையும் காட்டுவதாகச் சொல்லும் இந்தப் பயணம் உண்மையில் முதலாவதை மட்டுமே திட்டமிடுகிறது. மற்ற இரண்டும் வழியில் கிடைத்தால் உண்டு என்ற நிலையில் விடப்படுகின்றன. திட்டம் தூரத்தைக் கணக்கிடுகிறது, பருவத்தைக் கணக்கிடுவதில்லை. இந்த முறையின் மூலக் குறை இதுதான் என்பது என் கருத்து.

இதனால் நன்மையே இல்லை என்று சொல்ல முடியாது. யாழ் நகரிலிருந்து கீரிமலை ஏறக்குறைய 20 கிலோமீட்டர்; பருத்தித்துறை 35க்குள். இவ்வளவு சிறிய நிலத்தில் இவ்வளவு அடுக்கான வரலாறு இருப்பதை உணர வாகனம்தான் வசதி. போர்த்துக்கேயர் தொடங்கி, 1658இல் கைப்பற்றிய ஒல்லாந்தர் ஐங்கோணமாக மாற்றிக் கட்டிய கோட்டையையும், கந்தரோடையின் சிறு தூபிகளையும், நல்லூர் மந்திரிமனையையும் ஒரே நாளில் பார்ப்பவர், இந்த மண்ணின் கதை ஒரு மதத்துக்கோ ஓர் ஆட்சிக்கோ உரியதில்லை என்பதைக் கண்ணாலேயே அறிகிறார். வெளிநாட்டில் பிறந்து வளர்ந்த பிள்ளைகளுக்கு இது பெரிய வரவு. அதோடு, நகர விடுதிகளுக்குள்ளேயே சுழலக்கூடிய பணத்தில் ஒரு பங்கு வல்லிபுரத்துத் தேநீர்க்கடைக்கும் தீவகப் படகுக்காரருக்கும் போய்ச் சேருகிறது.

ஆனால் உணவு என்று வரும்போது பட்டியல் தோற்றுப்போகிறது. குடாநாட்டின் தனித்த சாப்பாடு கடலையும் பனையையும் சார்ந்தது. பனைக்கோ மாதம் உண்டு. ஆண்டின் முற்பாதியில் கருப்பநீர் இறங்கும், பனங்கட்டி காய்ச்சுவார்கள். ஆடி, ஆவணியில் பழம் விழும். பனங்காய்ப் பணியாரமும் பாயில் காயும் பனாட்டும் அப்போதுதான். விதைகளைப் பாத்தி போட்டு, மார்கழி தொடங்கி மாசிவரை கிழங்கு கிண்டுவார்கள். பச்சைக் கிழங்கைப் பிளந்து வெயிலில் காயவைத்தால் ஒடியல்; அவித்துக் காயவைத்தால் புழுக்கொடியல். ஒடியல் மாவைத் தண்ணீரில் ஊறவிட்டுக் கயர்ப்பை நீக்கி, மீன், நண்டு, இறால், பயற்றங்காய், பலாக்கொட்டை, மரவள்ளி எல்லாம் போட்டுப் புளியும் செத்தல் மிளகாயும் கரைத்துக் காய்ச்சும் கூழ், ஒரு குடும்பமே சுற்றியிருந்து குடிக்கும் உணவு. பனையோலையை மடித்துக் கட்டிய பிளாவில் ஊற்றிக் குடிப்பார்கள். மதியம் பன்னிரண்டுக்கு வந்து இரண்டு மணிக்குள் புறப்பட வேண்டிய வான்காரருக்கு இதை யார் காய்ச்சிக் கொடுப்பது? ஆகவே உணவகம் எந்த மாதத்திலும் கைக்கெட்டும் நண்டுக்கறியைப் பரிமாறுகிறது. அது சுவையானதுதான். அதை மட்டும் யாழ்ப்பாணச் சமையல் என்று எழுதிக்கொண்டு போவதால் நட்டம் ஊருக்குத்தான்.

கைவினையின் நிலை இதைவிட மோசம். நீத்துப்பெட்டியை எடுத்துக்கொள்ளுங்கள். குருத்தோலையை வெயிலில் வாட்டி, ஈர்க்கு நீக்கி, வார்ந்து, கூம்பாகப் பின்னிய பெட்டி அது. பானை வாயில் கூம்பு இறங்கும்படி வைத்துக் குழைத்த மாவைப் போட்டு மூடினால் பிட்டு அவியும். நாள்தோறும் ஆவியில் நனைந்து உலரும் பெட்டி சில காலத்தில் நைந்துபோகும், வீட்டுக்காரர் புதிது வாங்குவார். அந்த ஓயாத தேவைதான் பின்னுகிற பெண்ணுக்கு வருமானம். பயணிக்கோ அதே பெட்டி சாயம் ஏற்றிய சிறு அலங்காரப் பொருளாக விற்கப்படுகிறது. ஒருமுறை வாங்கிச் சுவரில் மாட்டினால் பிறகு வாங்க வேண்டியதில்லை. கடகமும் சுளகும் இப்படித்தான். 1978இல் அமைந்த பனை அபிவிருத்திச் சபை சந்தையைத் திறந்திருக்கிறது, ஆனால் வாங்குபவர் பயன்பாட்டை அறியாதவரை அந்தச் சந்தை மெலிந்தே இருக்கும். சமைக்கும் வீட்டில் பெட்டி அடுப்பில் ஏறுவதைப் பார்த்தவர் அதைச் சமைக்கத்தான் வாங்குவார், மறுபடியும் கேட்பார்.

பயணத்தின் அடிப்படையான வீதியே மரபு என்பதும் மறந்துபோகிறது. மடம், கிணறு, மாடு குடிக்கக் கேணி, அது உடம்பைத் தேய்க்க ஆவுரஞ்சிக்கல், தலைச்சுமையை ஒருவர் உதவியின்றி இறக்கிவைக்கச் சுமைதாங்கி: நடந்து போனவர்களுக்காக இந்நாட்டார் வீதியோரங்களில் கட்டிவைத்தவை இவை. கர்ப்பத்தோடு இறந்த பெண்ணின் நினைவாகச் சுமைதாங்கி நாட்டும் வழக்கம் இருந்தது. பருத்தித்துறையில் வீதியையே கூரையால் மூடி நிற்கும் தெருமூடி மடம் இன்றும் இருக்கிறது. வீதி அகலமாகும்போதெல்லாம் இத்தகைய கல் ஒன்று காணாமல் போகிறது. வேகமாகப் போகும் வானிலிருந்து பார்ப்பவருக்கு மிஞ்சியவையும் தெரிவதில்லை.

இன்னொன்றையும் சொல்லியாக வேண்டும். 1981இல் எரிந்த நூலகத்தின் கதையை எந்த வழிகாட்டியும் சொல்வார், சொல்லத்தான் வேண்டும். கீரிமலைக்குப் போகும் வழியில் மாவிட்டபுரம் கோபுரம் வரும்போது, 1968இல் ஒடுக்கப்பட்ட சாதியினர் அதன் வாசலில் ஆலய நுழைவுக்காகப் போராடியதையும் சொல்ல வேண்டும். அதே காலத்தில் தேநீர்க்கடைகளில் சமமாக உட்காரும் உரிமைக்கும் போராட வேண்டியிருந்தது. கள்ளும் கருப்பநீரும் இறக்கியவர்களின் சாதி வரலாற்றை விட்டுவிட்டுப் பனங்கட்டியின் இனிப்பை மட்டும் கொண்டாடுவது நேர்மையாகாது. 1990 ஒக்டோபரில் யாழ்ப்பாணத்து முஸ்லிம்கள் விடுதலைப் புலிகளால் வெளியேற்றப்பட்டதைச் சொல்லாமல் சோனகத்தெருவைக் கடப்பதும் அப்படியே. விடுமுறைக்கு வருபவர் துயரம் கேட்க வருவதில்லை என்று சிலர் ஆட்சேபிப்பார்கள். நூலகத்தின் முன் கேட்கத் தயாராக இருக்கும் அதே பயணி, நம்மைக் குற்றவாளியாக்கும் கதையை மட்டும் கேட்க மாட்டார் என்பதை என்னால் ஏற்க முடியவில்லை.

விடுமுறை கிடைக்கும் மாதத்தில்தானே வர முடியும் என்பது இதைவிட வலுவான ஆட்சேபம். லண்டனிலும் டொரன்டோவிலும் பள்ளி விடுமுறை மாதத்தை யாரும் மாற்றித் தர முடியாது. ஆனால் எந்த மாதம் வந்தாலும் அந்த மாதத்துக்குரிய ஒன்று இங்கே உண்டு. ஆடி முதல்நாளில் அரிசிமாவும் பயறும் தேங்காய்ப்பாலும் பனங்கட்டியும் சேர்ந்த ஆடிக்கூழ். நல்லூர்த் திருவிழாக் காலத்தில் பனம்பழம். மார்கழி விடுமுறைக்குக் கிழங்கு. எட்டு இடம் பார்க்கும் நாளில் நான்கைக் குறைத்தால், ஒரு வீட்டு அடுப்பங்கரையில் அரை நாள் இருக்க நேரம் வந்துவிடும். அந்த அரை நாளுக்கும் சமையலுக்கும் பின்னலுக்கும் முன்கூட்டியே பேசிப் பணம் கொடுக்க வேண்டும். அப்படிச் செய்தால் அது காட்சிப்பொருளாகாது, வேலையாகவே இருக்கும்.

ஆகவே வாகனம் பேசும் முன் அந்த மாதம் குடாநாட்டில் என்ன விளைகிறது, என்ன காய்கிறது என்று உள்ளூரில் ஒருவரைக் கேளுங்கள். இடப்பட்டியலை அதற்குப் பிறகு எழுதுங்கள்.