கோயிலைத் தாண்டி ஒரு தலைநகரம்

ரோம் நகரத்தில் இரண்டு நாள் தங்குவதென்றால் நம்மவர்கள் எவ்வளவு தயாராகிறார்கள்! காலையில் எந்த இடம், வெயில் இறங்கிய பின் எந்த இடம், எந்த இடிபாட்டுக்கு முன்னால் நின்று எந்த அரசனை நினைத்துக்கொள்வது என்று எழுதி வைத்துக்கொண்டு கிளம்புகிறார்கள். பிள்ளைகள் வெளிநாட்டில் வேலை பார்க்கும் வீடுகள் நெய்வேலியில் நிறைய உண்டு. அந்த வீடுகளுக்கு இந்தத் தயாரிப்பு பழக்கமானதுதான். அதே அக்கறையோடு பார்க்க வேண்டிய பழைய தலைநகரம் ஒன்று நம் ஆர்ச் கேட்டிலிருந்து ஐம்பது அறுபது கிலோமீட்டரில் இருக்கிறது. கங்கைகொண்ட சோழபுரம். முதலாம் ராஜேந்திர சோழன் 1025ஐ ஒட்டி எழுப்பிய நகரம். 1279இல் சோழர் ஆட்சி முடியும் வரை இரண்டரை நூற்றாண்டு அதுவே தலைநகரம்.

அங்கே போகாதவர்கள் நம் ஊரில் குறைவு. கும்பகோணம் போகும் வழியில் வண்டியை நிறுத்தி, சாமி கும்பிட்டு, நந்திக்கு முன்னால் படம் எடுத்துக்கொண்டு அரை மணி நேரத்தில் கிளம்பிவிடுகிறோம். கோயிலைப் பார்த்தாயிற்று. நகரத்தைப் பார்க்கவில்லை. அது வயலுக்கு அடியிலும் ஊர்ப் பெயர்களிலும் ஏரிக்கரையிலும் சிதறிக் கிடக்கிறது. அதைத் தேடிப் பார்க்க இரண்டு நாள் வேண்டும். ஷிப்டில் இருப்பவர்கள் வார ஓய்வோடு ஒரு நாள் விடுப்பைச் சேர்த்துக்கொள்ளலாம். மழை ஓய்ந்து ஏரிகளில் தண்ணீர் நிற்கும் மார்கழியும் தையும் நல்ல காலம். சித்திரையில் போனால் கோயில் தளத்துக் கல்லில் கால் வைக்க முடியாது. ரசனையெல்லாம் நிழல் தேடுவதிலேயே போய்விடும்.

முதல் நாளைத் தண்ணீரிலிருந்து தொடங்குங்கள். சோழர் தலைநகரம் எதையும் தண்ணீரை விட்டுவிட்டுப் புரிந்துகொள்ள முடியாது. சேத்தியாத்தோப்பில் வெள்ளாற்றைக் கடந்ததும் நெடுஞ்சாலையை விட்டு விலகி, பூதங்குடியிலிருந்து லால்பேட்டை வரை வீராணம் ஏரிக்கரையோடு போகலாம். பத்தாம் நூற்றாண்டில் முதலாம் பராந்தகன் காலத்தில் வெட்டப்பட்டு, வீரநாராயணன் என்ற அவன் பட்டப்பெயரைத் தாங்கிய ஏரி இது. நீளம் சுமார் 14 கிலோமீட்டர். கல்கியின் 'பொன்னியின் செல்வன்' தொடங்குவது இந்தக் கரையில்தான் என்பது பலருக்குத் தெரியும். ஆனால் ஏரியை முழுதாக ஒரு முறை கரையோடு கடந்தவர்கள் கொஞ்சம் பேர்தான். வண்டியை மெதுவாக ஓட்டி, ஏரி எவ்வளவு நேரம் உங்கள் கூடவே வருகிறது என்று பாருங்கள். அந்த அளவை மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள். மறுநாள் பொன்னேரிக்கரையில் அது தேவைப்படும்.

காட்டுமன்னார்கோயிலில் ஒரு கல்வெட்டைப் பார்த்தே தீர வேண்டும். உடையார்குடி அனந்தீஸ்வரர் கோயில் சுவரில் இருக்கிறது. ராஜராஜன் ஆட்சிக்கு வந்த தொடக்க ஆண்டுகளில் பொறித்தது. அவனுடைய அண்ணன் ஆதித்த கரிகாலனைக் கொன்ற ரவிதாசன் முதலானவர்களின் நிலங்களும் அவர்கள் உறவினரின் நிலங்களும் பறிமுதலாகி, பிறகு கைமாறியதைச் சொல்கிறது. பழைய எழுத்தை வாசிக்கத் தெரியாவிட்டாலும் பரவாயில்லை. ஓர் அரச குடும்பத்தின் துயரம் நிலக்கணக்காகக் கல்லில் பதிந்திருப்பதைக் கிட்ட நின்று பார்ப்பது வேறு அனுபவம். கொல்லப்பட்டவன் ராஜேந்திரனுக்குப் பெரியப்பா என்பதை நினைவில் வைத்துக்கொண்டு மேலே போங்கள். பக்கத்திலேயே மேலக்கடம்பூர் இருக்கிறது. குலோத்துங்கன் காலத்துக் கோயில். கருவறையே சக்கரங்களும் குதிரைகளும் பூட்டிய தேராக நிற்கும். ஆசை வரும். ஆனாலும் இந்தப் பயணத்தில் அதைச் சேர்க்காதீர்கள். சிற்பம் சிற்பமாக நின்று பார்க்க வேண்டிய கோயில் அது; தனியாக ஒரு நாள் கொடுத்தால்தான் நியாயம்.

அங்கிருந்து கங்கைகொண்ட சோழபுரத்துக் கோயிலுக்கு. மதியம் கருவறை சாத்தியிருக்கும். மூன்றரை மணி வாக்கில் போய்ச் சேருங்கள். உள்ளே நுழைந்ததும் சன்னதிக்கு விரையாமல், விமானம் முழுதாகக் கண்ணில் படும் தூரத்துக்குப் புல்வெளியில் விலகி நில்லுங்கள். உயரம் சுமார் 55 மீட்டர். தஞ்சைப் பெரிய கோயில் இதைவிடச் சில மீட்டர் உயரம். தஞ்சை விமானத்தின் விளிம்பு நேர்கோடாக மேலேறும். இங்கே அடியில் சதுரம், மேலே எண்கோணம், உச்சியில் வட்டம் என்று வடிவம் மாறிக்கொண்டே போவதால் விளிம்பு உள்வாங்கி வளைந்து ஏறுகிறது. அந்த வளைவு எந்த நிலையில் தொடங்குகிறது என்று கண்ணாலேயே தேடிப் பாருங்கள். ராஜேந்திரன் தன் அப்பா ராஜராஜனின் கோயிலைவிடச் சிறியதாகக் கட்டினான் என்று எல்லோரும் சொல்வார்கள். எனக்குப் படுவது, அப்பாவின் நேர்கோட்டுக்குப் பிள்ளை ஒரு வளைவால் பதில் சொன்னான் என்பதுதான். இரண்டில் இதுதான் எனக்குப் பிடித்தது.

பிறகு சுவரோடு சுற்றி வாருங்கள். தெற்குச் சுவரில் ஆடும் சிவனின் காலடியில் அமர்ந்திருக்கும் காரைக்கால் அம்மையாரை விட்டுவிடாதீர்கள். மேற்கில் கங்கையைச் சடையில் ஏற்கும் கங்காதரர் இருக்கிறார். வங்கம் வரை படை அனுப்பிக் கங்கை நீர் கொண்டுவந்த அரசனின் ஊரில் அந்த உருவத்துக்குக் கூடுதல் பொருள் உண்டு. சாயங்கால வெயில் மேற்குச் சுவரில் விழும்போது அங்கே இருக்கும்படி பார்த்துக்கொள்ளுங்கள்.

நேரத்தில் பாதியை வடக்கு வாசல் படிக்கட்டுக்கு ஒதுக்குங்கள். ஒரு பக்கம் ஞான சரஸ்வதி, எதிர்ப்பக்கம் சண்டேச அனுக்கிரக மூர்த்தி. மணலில் லிங்கம் பிடித்துப் பாலூற்றிய, மாடு மேய்த்த சிறுவர், பால்குடத்தைக் காலால் உதைத்த தந்தையின் காலையே வெட்டிய கதை நமக்குத் தெரியும். இங்கே சிவன் உமையோடு அமர்ந்து, கீழே கை கூப்பியிருக்கும் சண்டேசர் தலையில் கொன்றை மாலையைச் சுற்றுகிறார். சிவனின் விரல்களைப் பாருங்கள். ஒரு குழந்தைக்குத் தலைவாரிப் பூச்சூட்டும் கை எவ்வளவு மெதுவாக இருக்குமோ அவ்வளவு மெதுவாக இருக்கின்றன. குனிந்திருக்கும் சண்டேசர் முகத்தில் பணிவும் நிறைவும் ஒன்றாகத் தெரிகின்றன. ராஜேந்திரனுக்கே இறைவன் முடிசூட்டுவதாக இதைப் படிக்கும் கலை வரலாற்றாளர்கள் உண்டு. அப்படிப் படித்தால் இது பக்திச் சிற்பமாக இருந்துகொண்டே தலைநகரத்தின் அரசியலையும் பேசுகிறது. ஒருவர் நகர்ந்ததும் அடுத்தவர் படம் எடுக்க வருவார். ஒதுங்கி வழிவிட்டுவிட்டு மறுபடி வந்து நில்லுங்கள்.

பிள்ளைகள் சிங்கக் கிணற்றுக்குத்தான் ஓடுவார்கள். சிங்க உருவத்துக்குள் நுழைந்து படியிறங்கும் அந்த அமைப்பு உடையார்பாளையம் ஜமீனால் 19ஆம் நூற்றாண்டில் வந்தது. கங்கை நீரை ஊற்றிய கிணறு என்பது ஊர் வழக்கு. இரண்டையும் பிள்ளைகளுக்குச் சொல்லுங்கள். மண்டபத்துக்குள் ஒரே கல்லில் தாமரையும் தேருமாகச் செதுக்கிய நவக்கிரகம் சாளுக்கியப் பாணியில் இருப்பதால், போரில் வென்று கொண்டுவந்தது என்று கருதுகிறார்கள். பக்கத்துச் செங்கமேட்டில் கலிங்கப் பாணிச் சிற்பங்களும் உண்டு. வென்ற நாடுகளின் கலையைக் கொண்டுவந்து வைத்த ஊர் இது.

இரவு ஜெயங்கொண்டத்தில் தங்கலாம். வசதி வேண்டுமென்றால் கும்பகோணம். நான் ஜெயங்கொண்டத்தையே சொல்வேன். மறுநாள் விடியற்காலையில் கோயிலின் கிழக்கு முகத்தில் முதல் வெயில் படும்போது திரும்பிப் போக முடியும். அப்போது கிழக்கு வாசலையும் கவனியுங்கள். கோபுரம் இருந்த இடத்தில் அடித்தளம் மட்டும் கிடக்கிறது. அது என்ன ஆனது என்பதற்கு மாலையில் வருவோம்.

இரண்டாம் நாள் நகரத்துக்கு. கோயிலுக்குத் தென்மேற்கே சுமார் இரண்டு கிலோமீட்டரில் மாளிகைமேடு. மாநிலத் தொல்லியல் துறை 1980களிலும், பிறகு 2021 முதலும் இங்கே தோண்டியது. அரண்மனையின் செங்கல் சுவர்கள் வெளிப்பட்டன. தூண்களை நிறுத்தக் கருங்கல் அடிப்பாகம், கூரைக்குச் சுட்ட ஓடு, மரத்தை இணைக்க இரும்பாணி. தூண்கள் மரம் என்பதால் அவை மிஞ்சவில்லை. சீனப் பீங்கான் ஓடுகளும் கிடைத்தன. 1033இல் ராஜேந்திரன் சீனத்துக்குத் தூது அனுப்பியதையும், 1025இல் கடல்கடந்து கடாரம் வென்றதையும் நினைத்துக்கொண்டு பார்த்தால் அந்தச் சிறு ஓடு பெரியதாகிவிடும். தொல்லியல் துறையின் அகழ்வைப்பகத்தை முதலில் பார்த்துவிட்டு மேட்டுக்கு வருவது நல்லது. வெறும் செங்கல் வரிசைதானே என்று தோன்றும்போது, எந்தச் சுவர் எவ்வளவு அகலம், எங்கே வளைகிறது, எங்கே அடுத்த அறை தொடங்குகிறது என்று விளிம்போடு நடந்து பாருங்கள். சாமிக்குக் கல்லிலும் தனக்குச் செங்கல்லிலும் மரத்திலும் கட்டிக்கொண்டான் அரசன். அதனால்தான் ஒன்று நிற்கிறது, ஒன்று மண்ணுக்குள் போனது.

அடுத்து, ஊர்ப் பெயர்ப் பலகைகள். உட்கோட்டை, ஆயுதக்களம், மெய்க்காவல்புத்தூர், வீரசோழபுரம், கடாரங்கொண்டான். கோட்டைக்குள் இருந்த பகுதி, படைக்கலம் இருந்த இடம், மெய்க்காவலர் குடியிருப்பு என்று தலைநகரத்தின் வரைபடமே பெயர்களில் கிடக்கிறது. ஒவ்வொன்றும் கோயிலுக்கு எந்தத் திசையில் இருக்கிறது என்று ஒரு தாளில் குறித்துக்கொண்டே போங்கள். மதியத்துக்குள் நகரம் ஓரளவு உருவாகிவிடும். சுரங்கத்துக்காக எழுந்து போன கிராமங்களின் பெயர்களை இன்றும் வரிசையாகச் சொல்லும் பெரியவர்கள் நெய்வேலிப் பக்கம் இருக்கிறார்கள். ஊர் போன பின்னும் பெயர் நிற்கும் என்பதை நம்மவர்களுக்கு யாரும் கற்றுத்தர வேண்டியதில்லை. 1956இல் நிலக்கரி நிறுவனம் தொடங்கி, வெட்டவெளியில் கோடு போட்டு, வட்டம் வட்டமாக எண் கொடுத்து எழுந்த நகரத்தில் வாழ்கிறோம். குடியிருப்பு எங்கே, கடைத்தெரு எங்கே, தண்ணீர் எங்கிருந்து என்ற கேள்விகளோடு ஒரு புது நகரம் பிறக்கும் என்பதும் நமக்குத் தெரியும். அந்தக் கேள்விகளையே ராஜேந்திரனின் நகரத்திடம் கேளுங்கள்.

தண்ணீருக்கு அவன் சொன்ன பதில் பொன்னேரி. அவன் காலத்துப் பெயர் சோழகங்கம். காவிரிப் படுகையின் வளத்தில் இருந்த தஞ்சையை விட்டுக் கொள்ளிடத்துக்கு வடக்கே, மேட்டு நிலத்துக்கு வந்தவனுக்கு ஏரி இல்லாமல் நகரம் இல்லை. கொள்ளிடத்திலிருந்தும் வெள்ளாற்றிலிருந்தும் கால்வாய் வெட்டி நீர் கொண்டுவந்தார்கள். தெற்கு வடக்காக ஓடும் கரையின் நீளம் சுமார் 16 மைல் என்று 19ஆம் நூற்றாண்டுக் குறிப்புகள் சொல்கின்றன. முதல் நாள் கடந்த வீராணத்தைவிடப் பெரியது. வெற்றிக்குக் கல்லில் தூண் நடுவது வழக்கம்; இவன் கங்கை வெற்றிக்குத் தண்ணீரால் தூண் நிறுத்தினான் என்ற பொருளில் திருவாலங்காட்டுச் செப்பேடு பேசுகிறது. இன்று ஏரியின் பெரும்பகுதி தூர்ந்து போயிருக்கிறது. அதைப் பார்க்கும்போது எனக்கு வருத்தமாகத்தான் இருக்கிறது. கோயிலுக்குக் கிடைத்த பாதுகாப்பும் 2004இல் யுனெஸ்கோ தந்த உலக மரபுச் சின்னம் என்ற பெருமையும் இந்தக் கரைக்கும் சேர வேண்டியவை. கரையில் ஏறி, கொஞ்ச தூரமாவது நடங்கள். சோழபுரத்தின் மிகப் பெரிய கட்டுமானம் கோயில் இல்லை, இந்த மண்கரைதான் என்பது கால் வலிக்கும்போது புரியும்.

மாலையில் அணைக்கரை. 1836இல் ஆர்தர் காட்டன் கொள்ளிடத்தின் குறுக்கே கட்டிய கீழணை. சோழபுரத்துக் கோயிலின் மதிலையும் கோபுரத்தையும் பெயர்த்த கற்கள் இந்த அணைக்குப் போயின. கொலோசியத்தின் கற்களைப் பெயர்த்து ரோமில் அரண்மனைகளும் தேவாலயங்களும் கட்டினார்கள். அங்கே போகிறவர்கள் அதையும் தெரிந்துகொண்டு அந்தக் கட்டடங்களைப் போய்ப் பார்க்கிறார்கள். நாமும் கீழணையைச் சோழபுரத்தின் ஒரு பகுதியாகவே பார்க்க வேண்டும். இங்கே தேங்கும் நீர் வடவாறு வழியாக வீராணத்துக்குப் போகிறது. 2004 முதல் வீராணத்து நீர் குழாயில் சென்னைக்கும் போகிறது. பாலத்தருகே ஆற்றுமீன் வறுவல் சூடாகக் கிடைக்கும். சாப்பிட்டுவிட்டு வடக்கே திரும்பினால் மீன்சுருட்டி, சேத்தியாத்தோப்பு, வடலூர் வழியாக இரவுச் சாப்பாட்டுக்கு வீடு வந்துவிடலாம். வண்டி இல்லாதவர்கள் கும்பகோணம் பேருந்தில் மீன்சுருட்டியில் இறங்கி, ஜெயங்கொண்டம் பேருந்து பிடித்தால் கோயில் வாசலில் இறங்கலாம். கிராமங்களுக்கு அங்கேயே ஓர் ஆட்டோ பேசிக்கொள்ளுங்கள்.

ஒரு முறை இப்படிப் பார்த்துவிட்டவர்கள் அடுத்த முறை விழா நாளில் போகலாம். ராஜேந்திரன் பிறந்த ஆடித் திருவாதிரையை அரசு விழாவாகக் கொண்டாடுகிறார்கள். ஐப்பசிப் பௌர்ணமியில் பதின்மூன்று அடி உயர லிங்கத்தை மூடும் அளவுக்கு மூட்டை மூட்டையாக அரிசி வடித்து அன்னாபிஷேகம் நடக்கும். கூட்டம் நெரியும், சிற்பம் எதையும் பார்க்க முடியாது. ஆனால் அன்றைக்கு அந்த மக்கள் எந்தெந்த ஊரிலிருந்து வந்திருக்கிறார்கள் என்று கேட்டுப் பாருங்கள். உட்கோட்டை, ஆயுதக்களம், மெய்க்காவல்புத்தூர் என்றுதான் பலர் சொல்வார்கள்.