பூச்சு காப்பாற்றாது, பரப்புதான் காப்பாற்றும்

தைப்பூசம் நெருங்கும்போது பினாங்கு ஜார்ஜ்டவுனின் குட்டி இந்தியாவில் உள்ள பூசைப் பொருள் கடைகளில் ரெசின் முருகன் வரிசை கட்டி நிற்பார். பெரும்பாலானவை எங்கோ தொழிற்சாலையில் வார்த்து வந்தவை. அவற்றைப் பார்த்து, எபோக்சி ரெசினும் ஹார்டனரும் வாங்கி வீட்டிலேயே வார்த்துப் பார்ப்பவர்கள் கூடிவருகிறார்கள். வேல், மயில், பெயர்ப்பலகை, சாவிக்கொத்து என்று கைக்கு வந்ததெல்லாம் வார்க்கிறார்கள். நல்ல முயற்சி. ஆனால் அச்சு விஷயத்தில் ஒரு தவறான பழக்கம் வேரூன்றிவிட்டது. கையில் கிடைத்த எதையாவது அச்சாக வைத்துக்கொண்டு, மேலே ஒட்டாமைக்கான ஸ்பிரேயைத் தாராளமாக அடித்துவிட்டால் போதும் என்ற நம்பிக்கை அது.

எபோக்சி பிறவியிலேயே பசை. கண்ணாடி, உலோகம், மரம் எல்லாவற்றையும் இறுகப் பற்றுவதுதான் அதன் பெருமை. அதை ஒரு பாத்திரத்தில் ஊற்றி இறுக வைத்து, பிறகு நோகாமல் வெளியே வா என்கிறோம். வருமா வராதா என்பதை முதலில் தீர்மானிப்பது பரப்பின் ஆற்றல். திரவ எபோக்சியின் பரப்பு இழுவிசை மீட்டருக்கு ஏறத்தாழ 45 மில்லிநியூட்டன். சிலிகோன் ரப்பரின் பரப்பாற்றல் 20 முதல் 24 வரை. பாலிஎத்திலீன், பாலிப்ராப்பிலீன் இரண்டும் 30ஐ ஒட்டியவை. தன்னைவிடக் குறைந்த ஆற்றலுள்ள பரப்பில் எபோக்சி சரியாகப் படியாது. படியாததைப் பற்றவும் முடியாது. சுத்தமான கண்ணாடிக்கும் எஃகுக்கும் இந்த அளவு பல மடங்கு அதிகம். அங்கே ஊற்றினால் ஒட்டிக்கொண்டதுதான்.

இந்தப் பாடத்தைத் தேடி நாம் தூரம் போக வேண்டியதில்லை. தைப்பூசக் காவடிகள் ஏறும் தண்ணீர்மலையின் அடிவாரத்திலிருந்து தெற்கே போனால் பாயான் லெப்பாஸ். லிம் சொங் இயூ பினாங்கின் முதலமைச்சராக இருந்த காலத்தில், 1972இல் அங்கே தொடங்கிய தடையற்ற தொழில் வட்டாரத்துக்கு இன்டெல், ஏ.எம்.டி., லிட்ரானிக்ஸ் போன்ற நிறுவனங்கள் முதல் அணியில் வந்தன. நம் வீட்டுப் பெண்கள் பலர் தொழிற்சாலைப் பேருந்தில் ஷிப்டுக்குப் போய்வந்த இடம். அங்கே தயாரான சில்லுகளைச் சுற்றியிருக்கும் கறுப்பு உறை எபோக்சிதான். சிறிய எல்.ஈ.டி. விளக்கின் குண்டு போன்ற தெளிந்த தலையும் எபோக்சிதான்.

எல்.ஈ.டி. தலையை வார்க்க உலகமெங்கும் வழக்கத்தில் இருப்பது பாலிமெத்தில்பென்டீன் என்ற பிளாஸ்டிக்கில் செய்த சிறு கிண்ணங்கள். அதன் பரப்பாற்றல் 24 அளவில்தான். அடுப்புச் சூட்டையும் தாங்கும். கிண்ணத்தின் உட்புறம் எவ்வளவு பளபளப்போ அவ்வளவு பளபளப்பு எல்.ஈ.டி.யின் தலைக்கும் வந்துவிடும். ஒளி கடந்து போக வேண்டிய இடத்தில் எண்ணெய்ப் பூச்சின் தடம் இருக்கக் கூடாது. அதனால் பரப்பே வேலையைச் செய்யும்படி பொருளைத் தேர்ந்தார்கள். ஸ்பிரேக்கு முன் பரப்பு என்ற ஒழுங்கு இதுதான்.

சில்லு உறையின் கதை வேறு. அங்கே அச்சு, கடினக் குரோமியம் பூசிய எஃகு. சுமார் 175 டிகிரி செல்சியஸில் எபோக்சிக் கலவையை உருக்கி உள்ளே தள்ளுகிறார்கள். உலோகத்தில் எபோக்சி ஒட்டத்தானே செய்யும்? ஒட்டாமலிருக்க, கலவைக்குள்ளேயே கார்னோபா போன்ற மெழுகைச் சேர்த்துவிடுகிறார்கள். கார்னோபா 80 டிகிரியைத் தாண்டியதும் உருகும். உருகி வெளிப்புறத்துக்கு வந்து அச்சுக்கும் உறைக்கும் நடுவே படலமாக நிற்கும். கெட்டிக்காரத்தனமான ஏற்பாடுதான், ஆனால் விலை உண்டு. மெழுகு கூடினால் எபோக்சி உள்ளே இருக்கும் சில்லையும் கம்பிச் சட்டத்தையும் சரியாகப் பற்றாது. அந்த இடைவெளியில் ஈரம் புகும். மின்சுற்றுப் பலகையில் பற்றவைக்கும் சூட்டில் ஈரம் ஆவியாகி உறையை வெடிக்க வைக்கும். அந்தத் தொழிலில் இதற்குப் பாப்கார்ன் என்றே பெயர். அச்சில் படியும் மெழுகுக் கசடை நீக்க அவ்வப்போது மெலமைன் கலவையை ஊற்றி எடுத்துச் சுத்தம் செய்கிறார்கள். ஆக, ஒட்டாமை என்பது இலவசமாகக் கிடைப்பதில்லை. எங்கேயோ ஒட்டவேண்டிய ஒன்றிலிருந்து அதைக் கழித்துக்கொள்கிறோம்.

வீட்டு வார்ப்பில் அந்தக் கழிவு வண்ணத்தில் தெரிகிறது. சிலிகோன் எண்ணெய் ஸ்பிரேயைத் தாராளமாக அடித்து எடுத்த முருகன் சிலைக்குத் தங்க வண்ணம் பூசிப் பாருங்கள். வண்ணம் வட்டம் வட்டமாக விலகி, மீன்கண் போலப் பள்ளம் விழும், பிறகு உரியும். சோப்பு நீரில் கழுவி, நுண்ணிய மணல்தாளால் தேய்த்தால் ஓரளவு சரியாகும். ஆனால் முகத்தின் செதுக்கலும் சேர்ந்து தேயும். தெய்வ உருவத்தின் கண்ணிலும் உதட்டிலும் அப்படிக் கைவைப்பதை என்னால் ஏற்க முடியவில்லை.

ஸ்பிரேக்கு மாற்றாக அச்சில் பூசப் பாலிவினைல் ஆல்கஹாலைப் பலர் பரிந்துரைக்கிறார்கள். நீரில் கரையும் மெல்லிய படலம். வார்ப்பை எடுத்ததும் கழுவிவிடலாம் என்பதால் வண்ணத்துக்கு நல்லது. வறண்ட ஊருக்கு அது சரி. பினாங்கில் காற்றின் ஈரப்பதம் பெரும்பாலும் 80 விழுக்காட்டை ஒட்டியே நிற்கிறது. தைப்பூசம் வரும் ஜனவரி, பிப்ரவரி மாதங்கள் வறண்டவைதான், ஆனால் அதற்கான வேலை நடப்பது அதற்கு முந்திய மழை மாதங்களில். படலம் சீக்கிரம் காயாது. காய்ந்த பிறகும் ஈரத்தை உறிஞ்சித் தளரும். அதே ஈரம், திறந்த மேற்பரப்பில் அமீன் ஹார்டனரோடும் காற்றிலுள்ள கரியமில வாயுவோடும் சேர்ந்து பிசுபிசுப்பான வெண்படலத்தைக் கிளப்பும். இந்த ஊரில் வார்ப்பவருக்குக் குளிர்சாதன அறை ஆடம்பரமில்லை.

கார்னோபா மெழுகுக்கு நான் இன்னும் நல்ல மதிப்பெண் தருவேன். பளபளப்பான கடின அச்சில் மெல்லியதாகப் பல முறை பூசி, ஒவ்வொரு முறையும் துணியால் மெருகேற்றினால் வார்ப்பும் மின்னும். ஆனால் ஒரே தடவையில் கனமாக ஊற்றினால் எபோக்சி தானாகவே சூடேறி 100 டிகிரியைத் தாண்டக்கூடும். அப்போது மெழுகு உருகிக் கலைந்துவிடும். சமையல் எண்ணெய், வாஸ்லின் இரண்டும் அவசரத்துக்கு உதவும், அழகுக்கு உதவாது.

பலகை, தட்டு போன்ற தட்டையான பொருளுக்கு வெள்ளைப் பாலிஎத்திலீன் காய்கறிப் பலகையோ, பாலிப்ராப்பிலீன் பெட்டி ஒட்டும் டேப் சுற்றிய மெலமைன் பலகையோ போதும். வேலும் கையும் வெளியே நீளும் சிலைக்குக் கடின அச்சு உதவாது. வளைந்துகொடுக்கிற சிலிகோன்தான் வழி. அதன் குறைகளையும் சொல்லவேண்டும். எபோக்சி அதன்மேல் படிய மறுப்பதால் வேல் நுனியில் காற்றுக் குமிழி தங்கும். முதலில் தூரிகையால் ஒரு மெல்லிய பூச்சுக் கொடுத்துவிட்டு ஊற்ற வேண்டும். அச்சு செய்யும்போது, பிளாட்டினம் வகைச் சிலிகோன் கந்தகம் பட்டால் இறுகாது. ரப்பர் கையுறை எங்கும் கிடைக்கிற மலேசியாவில் இது கூடுதல் கவனம் வேண்டிய விஷயம், ஏனெனில் இயற்கை ரப்பரைப் பதப்படுத்தக் கந்தகம் சேர்க்கிறார்கள். வினைல் கையுறை போட்டுக்கொள்வது நல்லது.

சுவாமிமலை ஸ்தபதிகள் இந்தச் சிக்கலுக்குள் வருவதே இல்லை. மெழுகுச் சிலையைச் சுற்றி வண்டல் மண்ணை அப்பி, மெழுகை உருக்கி வெளியேற்றி, உலோகத்தை ஊற்றி, அச்சை உடைத்துவிடுகிறார்கள். ஒவ்வொரு சிலையும் தனிச் சிலை. மண் மண்ணோடு போகும். சிலிகோன் அச்சு அப்படியில்லை. ஹார்டனரிலுள்ள அமீன் அதைச் சிறிது சிறிதாகத் தின்னும். சில டஜன் வார்ப்புகளில் விறைத்து, ஓரங்களில் கிழியத் தொடங்கும். குப்பையில் போட்டால் மக்காது. எண்ணெய் ஸ்பிரே படாத பழைய அச்சைச் சிறு துண்டுகளாக நறுக்கிக் கழுவிக் காயவைத்து, அதே வகைச் சிலிகோனில் செய்யும் புதிய அச்சின் கனமான வெளிச்சுவரில் கலந்துவிடலாம். சிலிகோனோடு சிலிகோன் நன்றாகப் பிடித்துக்கொள்ளும்.