அறுப்பின் பண்டிகையை எப்படி ரசிப்பது?

ஞாயிற்றுக்கிழமை காலை. முதல் மணி அடித்து ஓய்ந்திருக்கிறது. கோயில் வாசலுக்கு ஒரு பாட்டி வருகிறார். இடுப்பில் வேதப்புத்தகம், கையில், முந்தானை நுனியால் மூடிய ஒரு சிறிய ஓலைப்பெட்டி. அதற்குள் ஏழு முட்டைகள். பின்னால் ஒருவர் தோளில் வாழைத்தாருடன் வருகிறார். மாட்டுவண்டி வந்த காலம் போய், இன்று குட்டியானை வண்டியிலிருந்து நெல்மூட்டை இறங்குகிறது. கருப்பட்டிச் சிப்பம், பூசணிக்காய், கட்டுக்கட்டாய் முருங்கைக்காய், கால் கட்டிய சேவல் என்று ஒவ்வொன்றாய் ஆலயத்துக்குள் போகின்றன.

திருநெல்வேலி, தூத்துக்குடி மாவட்டங்களின் கிராமத்துச் சபைகளில் ஆண்டுக்கொரு முறை நடக்கும் அறுப்பின் பண்டிகை இப்படித்தான் தொடங்கும். கிறிஸ்தவர்கள் தங்கள் விசுவாசத்தை எப்படி வாழ்கிறார்கள் என்று கேட்கும் நண்பர்களுக்கு நான் முதலில் புத்தகம் எதையும் நீட்டுவதில்லை. இந்தப் பண்டிகைக்குக் கூட்டிப் போகிறேன். துதியும் நன்றியும் நேர்மையான நடத்தையும் ஒரே நாளில், ஒரே வளாகத்தில், கண்ணுக்கு முன் நடக்கும். எங்கே பார்ப்பது, எதைக் கேட்பது என்று தெரிந்தால் போதும்.

முதலில் ஒரு சொல்

அன்று உங்கள் காதில் அதிகம் விழப்போகும் சொல் 'ஸ்தோத்திரம்'. வழியில் பார்த்தவர்கள் வணக்கத்துக்குப் பதில் அதைச் சொல்வார்கள். ஜெபத்தில் வரும், காணிக்கை உறையிலும் அச்சாகியிருக்கும். தமிழ்ப் புராட்டஸ்டண்டு வழக்கில் இந்தச் சொல்லுக்கு இரட்டை வேலை. கடவுளைப் புகழ்வதும் ஸ்தோத்திரம், அவருக்கு நன்றி சொல்வதும் ஸ்தோத்திரம். பழைய மொழிபெயர்ப்பில், இயேசு அப்பத்தைக் கையில் எடுத்து நன்றி சொல்லும் இடத்திலும் இதே சொல்தான் இருக்கிறது.

புகழ்ச்சி வேறு, நன்றி வேறு என்று பிரித்துப் பார்ப்பவர்களுக்கு இது குழப்பமாகத் தோன்றலாம். எனக்கோ இது பெரிய விளக்கம். நன்றி இல்லாத புகழ்ச்சி வெறும் முகத்துதி. கொடுத்தவரை நினைக்காத நன்றி வெறும் திருப்தி. இரண்டும் ஒரே மூச்சில் வெளிவர வேண்டும் என்று நம் மொழி தானாகவே கண்டுகொண்டது. மூன்றாவதாகிய நடத்தைக்கு அந்தச் சொல்லுக்குள் இடமில்லை. அதை அந்த நாளுக்குள் தேட வேண்டும்.

காதைத் தீட்டிக்கொள்ளுங்கள்: கீர்த்தனை

ஆராதனையில் இரண்டு வகைப் பாட்டு வரும். ஒன்று பாமாலை. ஜெர்மானிய, ஆங்கில மெட்டுகளுக்குத் தமிழ்ச் சொற்களை அளந்து வைத்தவை. மெட்டு நடத்தும், சொல் பின்னால் போகும். மற்றது கீர்த்தனை. இங்கே தமிழ் நடத்துகிறது. எதுகையும் மோனையும் கைகோத்து வர, ராகம் அவற்றைத் தூக்கிக்கொண்டு போகிறது. கீர்த்தனைப் புத்தகத்தைத் திறந்தால் ஒவ்வொரு பாட்டின் தலைமாட்டிலும் ராகம், தாளம் குறித்திருப்பதைக் காணலாம். மதுரை அமெரிக்க மிஷனைச் சேர்ந்த எட்வர்ட் வெப் 1853-ல் இப்படி ஒரு தொகுப்பை அச்சிட்டார். அன்று முதல் இன்றுவரை இந்தப் பாட்டுகள் சபைகளில் ஓயவில்லை.

இவற்றுள் பலவற்றைப் பாடியவர் தஞ்சாவூர் வேதநாயகம் சாஸ்திரியார் (1774-1864). திருநெல்வேலியில் பிறந்து, சிறுவனாகத் தஞ்சைக்குப் போய், மிஷனெரி சுவார்ட்ஸ் ஐயரிடம் படித்தவர். அவரோடு அங்கே பயின்றவர் பின்னாளில் மன்னரான இரண்டாம் சரபோஜி. குறவஞ்சியும் கும்மியும் தெரிந்த தமிழரின் காதுக்கு, அதே வடிவங்களில் இயேசுவின் கதையைக் கொண்டுவந்தவர் சாஸ்திரியார். அவருடைய பெத்லகேம் குறவஞ்சி அதற்குச் சாட்சி.

கீர்த்தனையைக் கேட்க ஒரு வழி சொல்கிறேன். பல்லவியை மட்டும் பின்தொடருங்கள். முதல் தடவை அது வெறும் அழைப்பு. ஒரு சரணம் முடிந்து மறுபடி வரும்போது, அந்தச் சரணத்தில் சொன்ன நன்மையைச் சுமந்துகொண்டு வருகிறது. மூன்றாம் தடவை வருகையில் சொற்கள் அவையேதான். ஆனால் எடை கூடியிருக்கும். எபிரேயரின் 136-ஆம் சங்கீதமும் இதே முறையில் ஆனது. அதன் 26 வசனங்களும் ஒரே முடிப்பில் போய் நிற்கின்றன. படைப்பில் தொடங்கி, விடுதலையைச் சொல்லி, கடைசியில் எல்லா உயிருக்கும் உணவு கொடுப்பதில் முடிகிறது அந்தப் பாட்டு. அறுப்பின் பண்டிகைக்கு இதைவிடப் பொருத்தமான வரிசை கிடையாது.

உட்காரும் இடத்தையும் யோசித்துத் தேர்ந்துகொள்ளுங்கள். பாடகர் குழுவுக்குப் பக்கத்தில் உட்கார்ந்தால் கீபோர்டுதான் கேட்கும். புத்தகத்தைத் திறக்காமலே பாடும் முதியவர்களுக்குப் பின்வரிசையில் இடம் பிடியுங்கள். அவர்கள் குரலில் சுருதி கொஞ்சம் விலகலாம், தாளம் கொஞ்சம் தாமதிக்கலாம். ஆனால் எந்தச் சரணத்தில் அவர்கள் குரல் உரக்கிறது, எந்தச் சரணத்தில் கண்ணை மூடிக்கொள்கிறார்கள் என்று கவனியுங்கள். அந்த வருஷம் அவர்கள் வீட்டில் என்ன நடந்தது என்பது அங்கே தெரிந்துவிடும்.

கண்ணைத் திறந்து பாருங்கள்: படைத்த பொருள்கள்

இன்று நாம் அறியும் ஆலய அறுப்பு விழாவுக்கு ஒரு தொடக்கம் உண்டு. 1843-ல், இங்கிலாந்தின் கார்ன்வால் கடலோரத்தில் மார்வென்ஸ்டோ என்ற ஊரின் குருவானவர் ராபர்ட் ஹாக்கர் நடத்திய நன்றி ஆராதனையை அதற்கு முன்னோடியாகச் சொல்வார்கள். ஆங்கில மிஷன்களின் வழியே வந்த அந்த வழக்கம் நம் தேரிக்காட்டுக்கும் வயற்காட்டுக்கும் வந்தபோது கோதுமைக் கதிரின் இடத்தில் நெற்கதிரும் கருப்பட்டியும் வந்து உட்கார்ந்தன. ஏலமும், அசனம் என்ற பொதுச் சாப்பாடும் சேர்ந்தன. பண்டிகை முழுக்க நம்முடையதாகிவிட்டது.

பலிபீடத்தின் முன் குவிந்திருப்பதைப் பார்க்கும்போது பெரிய பொருள்களில் கண் நின்றுவிடும். சிறியவற்றைத் தேடுங்கள். ஒரு படி அரிசி, ஒரு கட்டுக் கீரை, நாலு தேங்காய். ஒவ்வொன்றும் ஒரு வீட்டின் வருஷம். ஆராதனை முடிந்ததும் பக்கத்தில் நிற்கும் மூதாட்டியிடம், "இது யாரு வீட்டுல வெளஞ்சது, ஆச்சி?" என்று கேட்டுப் பாருங்கள். மழை தவறிய மாதம், பழுது பார்த்த கிணறு, வெளிநாட்டுக்குப் போன மகன் என்று ஒரு கதை விரியும்.

இந்தக் கதை சொல்லல்தான் பண்டிகையின் உயிர். உபாகமம் 26-ஆம் அதிகாரம் இதைச் சட்டமாகவே வைத்திருக்கிறது. முதற்பலனைக் கூடையில் கொண்டுவருகிறவன் சும்மா வைத்துவிட்டுப் போகக்கூடாது. என் முன்னோன் ஊர் ஊராய் அலைந்தவன், அடிமையாய்க் கிடந்தோம், விடுவிக்கப்பட்டோம், அதனால்தான் இந்தக் கனி என் கையில் இருக்கிறது என்று வாய்விட்டுச் சொல்ல வேண்டும்.

தென்பகுதிச் சபைகளுக்கும் அப்படிச் சொல்ல வரலாறு இருக்கிறது. முதலூர் என்ற ஊரையே எடுத்துக்கொள்ளுங்கள். விசுவாசத்துக்காகத் துன்புறுத்தப்பட்டவர்கள் குடியேற, 1799-ல் தாவீது சுந்தரானந்தம் முன்னின்று உருவாக்கிய குடியிருப்பு அது. 1830-ல் பாளையங்கோட்டையில் மிஷனெரி ரேனியஸ் ஐயர் தொடங்கிய தர்ம சங்கமும், இருக்க இடமற்ற புதிய கிறிஸ்தவர்களுக்கு நிலம் வாங்கித் தந்தது. இன்று வாழைத்தார் சுமந்து வருபவரின் நிலத்துக்குக் கீழே அப்படி ஓர் ஆவணம் இருக்கலாம். அது தெரிந்தபின் அந்தத் தாரைப் பாருங்கள்.

கையை நீட்டுங்கள்: ஏலம்

ஆராதனைக்குப் பின் படைத்த பொருள்களை ஏலம் விடுவார்கள். ஏலம் என்றதும் மலிவாக எடுப்பதுதான் நினைவுக்கு வரும். இங்கே கணக்கு தலைகீழ். ஒரே ஒரு முட்டையை ஒருவர் கடைவிலையைப் போலப் பல மடங்கு கொடுத்து எடுக்கிறார். எடுத்த கையோடு, "திரும்ப ஏலம் விடுங்க, அண்ணாச்சி" என்று கொடுத்துவிடுகிறார். அது மறுபடி போகிறது. ஒரு தரம், ரெண்டு தரம், மூணு தரம்.

அந்த முட்டை யாருடையது என்பதைக் கவனித்திருந்தால் இந்த இடம் உங்களுக்குப் புரியும். காலையில் ஓலைப்பெட்டியோடு வந்த பாட்டிக்குப் பெரிய காணிக்கை போட வசதி கிடையாது. அவர் கொடுத்த முட்டை, வசதியுள்ளவர்களின் கைகளில் மாறி மாறிப் போய், நெல்மூட்டைக்கு இணையாக நிற்கிறது. கொடுத்தவரைச் சிறுமைப்படுத்தாமல் கொடையைப் பெரிதாக்கும் வழி இது. நீங்களும் ஏதாவது ஒன்றை ஏலத்தில் எடுங்கள். ஒரு தேங்காயாவது போதும். வீட்டுக்குக் கொண்டுபோய் அதை உடைக்கும்போது, யாருடைய மரம் என்பது நினைவில் இருக்கட்டும்.

இந்தப் பணம் எங்கே போகிறது என்றும் தயங்காமல் கேளுங்கள். கூரை ஓட்டுக்கா, மருத்துவ உதவிக்கா, படிக்கும் பிள்ளைகளுக்கா, மிஷன் ஊழியத்துக்கா? திருநெல்வேலிக் கிறிஸ்தவர்கள் வெளியிலிருந்து பணம் எதிர்பாராமல், தங்கள் காணிக்கையாலேயே வேறு மாநிலத்துக்கு ஊழியர்களை அனுப்ப 1903-ல் இந்திய மிஷனெரி சங்கத்தைத் தொடங்கினார்கள். அதில் முன்னின்ற வேதநாயகம் சாமுவேல் அசரியா வெள்ளாளன்விளையில் பிறந்தவர்; 1912-ல் தோர்ணக்கல்லின் பேராயரானவர்; காணிக்கை கொடுப்பது பற்றித் தனி நூலே எழுதியவர். ஏழைச் சபை என்று ஒன்று கிடையாது, கொடுக்கப் பழகாத சபைதான் உண்டு என்ற எண்ணம் எனக்கு அவர் வாழ்க்கையைப் படித்துத்தான் வந்தது.

தரையில் உட்காருங்கள்: அசனம்

மதியம் அசனம். சபையார் கொடுத்த அரிசியில், சபையாரே அண்டா வைத்துச் சமைத்த சோறு. அந்தக் குழம்பின் ருசியைப் பற்றித் தென்மாவட்டத்துக்காரர்கள் மணிக்கணக்காய்ப் பேசுவார்கள். ருசித்துச் சாப்பிடுங்கள். கூடவே பந்தியையும் படியுங்கள்.

யார் பக்கத்தில் யார் உட்காருகிறார்? நிலக்காரரும் அதே நிலத்தில் கூலிக்குப் போகிறவரும் ஒரே வரிசையில் இலை போட்டிருக்கிறார்களா? மற்ற மதத்து அயலார் வந்திருக்கிறார்களா? பரிமாறுகிறவர்கள் எப்போது சாப்பிடுகிறார்கள்? நடக்க முடியாதவர் வீட்டுக்குத் தூக்குவாளி போகிறதா? காலையில் பாடிய பாட்டு உண்மைதானா என்பதற்கு விடை இந்த வரிசையில் இருக்கிறது.

இந்த இடத்தில் ஒரு வலியையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். 1820-களின் இறுதியில் தஞ்சைச் சபையில் எல்லாச் சாதியாரும் கலந்து உட்காரவும், ஒரே பாத்திரத்தில் நற்கருணை பெறவும் மிஷனெரிகள் வற்புறுத்தியபோது, அதை எதிர்த்து எழுதியவர்களில் வேதநாயகம் சாஸ்திரியாரும் ஒருவர். நாம் கண்மூடிப் பாடும் துதிகளைத் தந்த அதே கை. இன்றும் சில ஊர்களில் கல்லறைத் தோட்டத்துக்கு நடுவில் சாதிச் சுவர் இருக்கிறது. அவருடைய பாட்டை நான் விட்டுவிடவில்லை. ஒவ்வொரு ஞாயிறும் பாடுகிறேன். பாடும்போதெல்லாம், வாய் போன தூரத்துக்குக் கால் போகாமல் நின்றுவிடும் ஆபத்து எனக்கும் உண்டு என்று நினைத்துக்கொள்கிறேன். ஆமோஸ் தீர்க்கதரிசியின் கோபமும் இதைப் பற்றியதுதான். நியாயம் தண்ணீரைப் போல ஓடாத ஊரில், பாட்டின் சத்தமே கடவுளுக்குப் பாரம் என்றார் அவர்.

ஆகவே ஒரே பந்தியில் நாலு பேர் கலந்து உட்கார்ந்து சோறு பிசைவதைப் பார்த்தால், அதைச் சாதாரணமாக எண்ணிக் கடந்துவிடாதீர்கள். இரண்டு நூற்றாண்டு வாக்குவாதத்துக்குப் பிறகு விரித்த இலை அது.

முந்தின மாலையே தொடங்குங்கள்

கடைசியாக, பல ஆண்டுகள் இந்தப் பண்டிகைக்குப் போனபின் எனக்குப் பிடிபட்ட ஒன்று.

உபாகமத்தில் கூடையைப் பற்றிய 26-ஆம் அதிகாரத்தை மட்டும் வாசித்துக்கொண்டிருந்தேன். ஒருநாள் இரண்டு அதிகாரம் பின்னே போய்ப் படித்தேன். 24-ஆம் அதிகாரத்தில், கூலிக்காரனின் கூலியைப் பொழுது சாயுமுன் கொடுத்துவிட வேண்டும் என்று இருக்கிறது. வயலில் மறந்துவிட்ட கதிர்க்கட்டை எடுக்கத் திரும்பிப் போகாமல், பரதேசிக்கும் திக்கற்றவருக்கும் விதவைக்கும் விட்டுவிட வேண்டும் என்றும் இருக்கிறது. 25-ல், பையில் இரண்டு விதமான எடைக்கல், வீட்டில் இரண்டு விதமான மரக்கால் வைத்திருக்கக்கூடாது என்று வருகிறது. அதன் பிறகுதான் 26-ல் கூடை. கூலி, உதிரிக் கதிர், மரக்கால், கடைசியாகக் கூடை. ஸ்தோத்திரம் என்ற சொல்லுக்குள் கிடைக்காத மூன்றாவது விஷயம் இந்த வரிசையில் முதலாவதாக நிற்கிறது.

அன்றிலிருந்து என் பண்டிகை சனிக்கிழமை மாலையே தொடங்கிவிடுகிறது. வீட்டுவேலைக்கு வருபவருக்குப் பாக்கி இருக்கிறதா, யாரிடமாவது வாங்கிய கைமாற்றைத் திருப்பித் தராமல் இருக்கிறேனா, பேரம் பேசி யாருடைய பத்து ரூபாயையாவது பிடுங்கிக்கொண்டேனா என்று உட்கார்ந்து பார்க்கிறேன். கொடுக்க வேண்டியதைக் கொடுத்துவிட்டு வருகிறேன். நீங்களும் அப்படி ஒருமுறை செய்துவிட்டுப் போய்ப் பாருங்கள். மறுநாள் காலை ஓலைப்பெட்டிப் பாட்டிக்குப் பின்வரிசையில் உட்கார்ந்து பல்லவி எடுக்கும்போது, குரல் தடையில்லாமல் வருவதை நீங்களே கேட்பீர்கள்.